நடு சீட்டை ஏன் எடுத்தாய்?

தம்பி,

விருந்துச் சாப்பாடு முடிந்து, மாமனார் வீட்டு ஆட்கள் உன்னைக் கொஞ்ச நேரம் தனியாக விட்ட பிறகு இதைப் படி. இன்று மதியம் போனில் நான் கத்தியபோது நீ சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். நாளைக் காலையில் நீயும் பவித்ராவும் சிங்கப்பூருக்கு விமானம் ஏறுகிறீர்கள். அதற்குள் நீ எடுத்த சீட்டை மாற்றுவதா, அப்படியே விடுவதா என்று நான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. டிக்கெட் எண் என்னிடம் இருக்கிறது. ஒரு பொத்தானைத் தொட்டால் போதும். மற்றவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. நமக்கு அப்படி இல்லை. நேரில் பேசினால் பாதியில் சண்டையாகிவிடும் என்பதால் எழுதி, உன் போனுக்கு அனுப்புகிறேன். இதில் உன் பெயரையும் எழுதவில்லை, என் பெயரையும் எழுதவில்லை. என்றைக்காவது வேறு யாராவது படித்தாலும், சீட்டைப் பற்றிய பகுதி அவர்களுக்காவது பயன்படட்டும்.

இலுப்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் நம் கம்ப்யூட்டர் கடையில்தான் நீ வளர்ந்தாய். ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள், பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்கிறவர்கள், வெளிநாட்டுக்குப் போகிற பிள்ளைக்கு விமானச் சீட்டுப் போட வருகிறவர்கள் என்று எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறாய். நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகம் ஒன்று எப்போதும் என் மேஜையில் கவிழ்ந்து கிடக்கும். படித்துக்கொண்டே இருக்கும்போது யாராவது வந்து சீட்டுக் கேட்பார்கள். பஸ்ஸை மட்டுமே தெரிந்த நம் ஊர் ஆட்கள் விமானத்திலும் பஸ் சீட்டைத்தான் கேட்பார்கள். "டயருக்கு மேல வேணாம் தாயி, தூக்கித் தூக்கிப் போடும், இடுப்பு தாங்காது" என்று ஒருவர் சொன்னது உனக்கு நினைவிருக்கும். விமானத்தில் சங்கதி தலைகீழ் என்று அவருக்கு நான் விளக்கினேன். இறக்கைக்கு மேலே இருக்கும் வரிசைகள்தான் குலுங்குவது குறைவு, வால் பக்கம்தான் அதிகம் ஆடும் என்றேன். இன்னொரு அம்மா ஜன்னலே வேண்டாம், காற்று அடித்தால் சளி பிடிக்கும் என்றார். "அது தொறக்காதுங்க" என்றேன். "தொறக்காத ஜன்னலுக்கா கூடக் காசு கேக்குறாய்ங்க?" என்று அவர் கேட்டதை நீ வாரக்கணக்கில் சொல்லிச் சிரித்தாய்.

சீட்டுப் படத்தை வாசிக்க உனக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். எண் என்பது வரிசை. முன்னாலிருந்து பின்னால் போகப் போக அது கூடும். எழுத்து என்பது அந்த வரிசையில் உன் இடம். நீங்கள் போகிற மாதிரியான விமானத்தில் நடுவில் ஒரே ஒரு நடைபாதை. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் இடது கையோரம் ஏ, பி, சி. வலது கையோரம் டி, ஈ, எஃப். ஏ என்றால் இடது ஜன்னல், எஃப் என்றால் வலது ஜன்னல். சியும் டியும் நடைபாதை ஓரம். பியும் ஈயும் நடு சீட்டு, யாரும் விரும்பி எடுக்காதது. நாமாக எடுக்காவிட்டால் கம்ப்யூட்டர் தன்னிஷ்டத்துக்கு எதையாவது கொடுத்துவிடும். ஒரே டிக்கெட்டில் போகிற புருஷனையும் பெண்டாட்டியையும் பத்து வரிசை தள்ளிக்கூட உட்கார வைக்கும். அதனால்தான் கடைக்கு வருகிறவர்களிடம், செக்-இன் திறந்தவுடனே வாருங்கள், நல்ல சீட்டாகப் பார்த்து எடுத்துவிடலாம் என்று சொல்கிறேன்.

யாருக்கும் அவரவர் வசதிக்கு ஏற்ற சீட்டைச் சொல்லிவிடுவேன். முழங்கால் வலிக்காரருக்கு நடைபாதை ஓரம். அடிக்கடி எழுந்து போகிறவருக்குக் கழிவறைக்கு ஓரளவு பக்கம், ஆனால் அதை ஒட்டியே வேண்டாம், ஆள் நடமாட்டம் ஓயாது. இறங்கியவுடன் அடுத்த விமானத்தைப் பிடிக்க ஓடவேண்டியவருக்கு முன் வரிசை. தூங்கவேண்டும் என்பவருக்குக் கடைசி வரிசை கூடாது, அங்கே பெரும்பாலும் முதுகைச் சாய்க்க முடியாது. உனக்கு மட்டும் இவை எதையும் யோசித்ததில்லை. உனக்கு எப்போதும் ஒரே சீட்டுதான். ஏ. இடது ஓரம்.

அது எப்படி வந்தது என்பது உனக்கு முழுதாகத் தெரியாது. ஒன்றாம் வகுப்பில் உனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னம் இரண்டும் உப்பிப்போய், கழுத்தில் என் தங்கச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு, பெரிய மனிதன் மாதிரி கட்டிலில் உட்கார்ந்திருந்தாய். வீக்கம் வடிந்தது, நீ பள்ளிக்கூடம் போனாய், நாங்களும் மறந்துவிட்டோம். கொஞ்ச நாள் கழித்து, சிங்கப்பூரிலிருந்து என் அண்ணன், உன் மாமா, போன் பண்ணினார். நீ வலது காதில் வைத்துப் பேசிக்கொண்டே இருந்தாய். கை மாற்றி இடது காதில் வைத்தாய். "அம்மா, மாமா பேசவே மாட்டேங்குறாரு" என்றாய். போனை வாங்கிப் பார்த்தால் அண்ணன் பேசிக்கொண்டேதான் இருக்கிறார். திரும்ப உன் இடது காதில் வைத்தேன். "செத்துப் போச்சும்மா" என்றாய். போனைச் சொன்னாய். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அன்று மாலை உன் இடது பக்கம் நின்று மெதுவாக, பிறகு சத்தமாக, உன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். நீ திரும்பவில்லை. அந்தக் காதில் நரம்பு போய்விட்டது, திரும்பாது, ஆனால் வலது காது அருமையாக இருக்கிறது என்று திருச்சியில் டாக்டர் சொன்னார். அப்பா அந்த இரண்டாவது பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் எல்லோரிடமும் "வலது காது அருமையா இருக்காம்" என்றுதான் சொன்னார்.

அப்பா கண்டக்டர் என்பதால் அவருக்கு இது சீட்டுக் கணக்காகத்தான் புரிந்தது. ஓடுகிற பஸ்ஸில் ஓர் ஆளை எங்கே உட்கார வைத்தால் எல்லாப் பேச்சும் அவன் வலது காதில் விழும்? இடது ஜன்னலோரம். அப்போது இடது பக்கம் வெறும் வயல்தான், மனிதர்கள் எல்லோரும் வலது பக்கம். அப்பா போகிற பஸ்ஸில் நீ ஏறினால் அந்த ஓரச் சீட்டில் முன்கூட்டியே துண்டு கிடக்கும். "என்னப்பா, மகனுக்கு மட்டும் ரிசர்வேசனா?" என்று யாராவது கிண்டல் பண்ணினால், "ஆமாய்யா, முதலாளி மகன், நீ அங்கிட்டு ஒக்காரு" என்பார். ஒவ்வொரு வருடமும் பள்ளி திறக்கும் நாளில் நான் உன் வகுப்பு டீச்சரைப் பார்த்து, இடது ஓரப் பெஞ்சைக் கேட்டு வாங்கினேன். ரோட்டில் நடந்தால் எப்போதும் உன் வலது பக்கம் வருவேன். கல்லூரியில் சேர்ந்த அன்றைக்கும் நான் திருச்சிக்கு வந்து வகுப்பறை வாசலில் நின்றேன். நீ ஓடிவந்து, "அம்மா, நீ போ. நானே ஒக்காந்துக்குறேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாய். நான் போனேன். ஆனால் பஸ் ஏறுவதற்குமுன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். இடது ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். நிம்மதியாக ஊர் திரும்பினேன்.

நாம் மூவரும் விமானம் ஏறியது ஒரே தடவை, உனக்குப் பத்து வயதில், மாமாவைப் பார்க்க. இரவல் சூட்கேஸ், புதுச் செருப்பு, அப்பாவுக்கு இஸ்திரி போட்ட சட்டை. உள்ளே நுழைந்தால், நம் பஸ்ஸில் நடப்பதேதான் அங்கேயும் நடந்தது. பெண்கள் பக்கத்தில் முன்பின் தெரியாத ஆண்பிள்ளை உட்காரக் கூடாது என்று ஆளாளுக்குச் சீட்டு மாற்றிக்கொண்டார்கள். அப்பாவுக்குக் கேட்க வேண்டுமா? வேலையிலேயே இருப்பதுபோல எழுந்து நின்றுவிட்டார். "அக்கா, நீங்க இங்கிட்டு வாங்க. அண்ணே, நீங்க ரெண்டு சீட்டு முன்னாடி போங்க. தங்கச்சி, அந்தப் பைய மேல வைய்யி." பணிப்பெண் வந்து ஏதோ சொல்வதற்குள் பாதி விமானம் இடம் மாறிவிட்டது. எல்லோரும் அப்பாவுக்கு நன்றி சொன்னார்கள். சாப்பாடு வந்தபோதுதான் வினை. முன்பே சொல்லிவைத்த சாப்பாட்டைச் சீட்டு எண்ணைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்த ஒருவர் கையில் கோழி பிரியாணி வந்து உட்கார்ந்தது. அவர் அதைப் பாம்பைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். நாலு வரிசை தள்ளி ஒருவர் எழுந்து, "எவன்யா எனக்குத் தயிர்சாதம் சொன்னது?" என்று கத்தினார். அப்பா சீட்டுக்குள் புதைந்து தூங்குவதுபோல நடித்தார். நீ இடது ஜன்னலோரம், ஏ சீட்டில் உட்கார்ந்து, வலது காதால் இந்த வேடிக்கை முழுவதையும் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாய். நடைபாதையில் பணிப்பெண்கள் பேசிக்கொண்டதுகூட உனக்கு விழுந்தது. ஒரு சொல் தவறவில்லை. பார், சரியான சீட்டில் உட்கார்ந்தால் இந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

பெண் பார்க்கப் போன அன்று, காது விஷயத்தை நாங்கள் எப்படி ஆரம்பிப்பது என்று தயங்கிக்கொண்டிருந்தோம். நீயே பவித்ராவிடம் சொல்லிவிட்டாய். அவள் என்ன பதில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. கல்யாண மேடையில் பார்த்துக்கொண்டேன். தாலி கட்டும்வரை அவள் உன் வலது பக்கம். கட்டியானதும் வழக்கப்படி உன் இடது பக்கம் மாற்றி உட்கார வைத்தார்கள். அவள் குனிந்து ஏதோ சொன்னாள். நீ நேரே பார்த்துக்கொண்டிருந்தாய். இன்னொரு தடவை சொன்னாள். கூட்டத்தில் ஒரு குரல், "மாப்பிள்ளைக்கு இப்பவே மிடுக்கப் பாரு" என்றது. எனக்கு எழுந்து ஓடிவர வேண்டும்போல் இருந்தது. மாலை வரவேற்பில் போட்டோ எடுக்க நிற்கும்போது, அவள் தன் பாட்டுக்கு உன்னைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து நின்றாள். "ஏய் பவி, பொண்ணு எடது பக்கம்தான்டி நிக்கணும்" என்றார் அவளுடைய பெரியம்மா. "இங்கிட்டு நின்னாத்தான் அவுகளுக்குக் கேக்கும் பெரியம்மா. போட்டோவுல எங்கிட்டு நின்னா என்ன?" என்றாள். அந்தப் போட்டோதான் இப்போது கடையில் கம்ப்யூட்டருக்கு மேலே மாட்டியிருக்கிறது.

இனி இன்றைய மதியம். உங்கள் இருவருக்கும் செக்-இன் போட உட்கார்ந்தேன். மனதுக்குள் சீட்டு ஏற்கெனவே முடிவாகியிருந்தது. உனக்கு ஏ, அவளுக்குப் பி. படம் திறந்தால், நீ போனிலேயே போட்டுவிட்டிருந்தாய். இருபத்து நான்காவது வரிசை. பவித்ராவுக்கு எஃப், வலது ஜன்னல். உனக்கு ஈ. நடு சீட்டு! இடது காதுப் பக்கம் யாரோ தெரியாதவர், அதற்கப்பால் நடைபாதை, பணிப்பெண், அறிவிப்பு, மொத்த விமானமும். வாழ்நாள் முழுக்க நான் எந்தச் சீட்டில் உன்னை உட்கார விடவில்லையோ, தேடிப்பிடித்து அதையே எடுத்திருக்கிறாய்.

"தம்பி, மாத்திப் போட்டுட்டியேடா, பக்கம் மாறிப்போச்சு!"

"இல்லம்மா, தெரிஞ்சுதான் போட்டேன்."

"என்னத்தத் தெரிஞ்ச? யாரு என்ன கேட்டாலும் முழிக்கப் போற. நான் மாத்திடுறேன்."

"மாத்தாதம்மா."

"ஏன்?"

"நீயே யோசிச்சுப் பாரு. எலை போட்டாச்சு, கூப்புடுறாங்க, வைக்கிறேன்." சிரித்தாய், வைத்துவிட்டாய்.

அப்போதுதான் அப்பா டிரிப் முடித்துச் சாப்பிட வந்தார். நீ எவ்வளவு பெரிய தப்புச் செய்திருக்கிறாய் என்று அவருக்குக் காட்ட, கடையிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலி மூன்றை வரிசையாகப் போட்டேன். அப்பாவை நடுவில் உட்கார வைத்து, "இடது காத விரலால அடைச்சுக்கங்க" என்றேன். நான் பணிப்பெண். இடது பக்கம் நின்று, "காபி வேணுமா, டீ வேணுமா சார்?" என்று மெதுவாகக் கேட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை. "பாத்தீங்களா! இதத்தான் சொல்றேன்" என்றேன். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் வாசலிலேயே நின்று, "என்னம்மா, கடைக்குள்ளயே பஸ் விடுறீங்களா?" என்றார். அப்பா விரலை எடுக்காமல், வலது பக்கத்துக் காலி நாற்காலியைத் தட்டினார்.

"இது யாரு சீட்டு?"

"பவித்ராவோடது."

"அதுல ஒக்காரு."

உட்கார்ந்தேன். பக்கத்தில் சுவர், அதில் கடையின் சின்ன ஜன்னல். வெளியே பஸ் ஸ்டாண்டு தெரிந்தது. எத்தனையோ வருடமாக இங்கே உட்கார்ந்திருக்கிறேன், அந்த ஜன்னல் வழியாகச் சும்மா வேடிக்கை பார்த்ததாக நினைவில்லை. "பசிக்குதாங்க?" என்று கேட்டேன், என்ன பேசுவதென்று தெரியாமல். அப்பா, "நல்லாக் கேக்குது" என்றார். பிறகு, "அந்தப் புள்ள பிளேனே ஏறுனதில்லயில்ல?" என்றார்.

எழுந்துபோய்ப் படத்தை மறுபடி பார்த்தேன். நான் போட நினைத்தபடி உனக்கு ஏ, அவளுக்குப் பி என்றால், முதல் தடவை வானத்துக்குப் போகிற பெண் உன் தோளுக்கு மேலாக எட்டித்தான் வெளியே பார்க்க வேண்டும். சரி, அவளுக்கு ஏ, உனக்குப் பி என்றால், அவள் உன் இடது பக்கம் போய்விடுவாள். "அங்க பாருங்க, மேகம்" என்பாள், உனக்கு விழாது. அவளுக்கு ஜன்னலும் வேண்டும், அவள் பேச்சும் உனக்குக் கேட்க வேண்டும் என்றால், அந்த விமானத்தில் எஃபும் ஈயும்தான் வழி. வரிசையையும் யோசித்திருக்கிறாய். இறக்கைக்குப் பின்னால் தள்ளி, கீழே தரையை இறக்கை மறைக்காத இடம். காலை விமானத்தில் வெயில் இடது பக்கம்தான் அடிக்கும் என்பதையும் யோசித்திருப்பாய். நீ கண்டக்டர் மகன். நான் உனக்காகச் சீட்டுத் தேடிய காலமெல்லாம், உலகம் முழுவதும் உன் வலது காதில் விழ வேண்டும் என்று தேடினேன். நீ ஒரே ஒரு குரலுக்காகத் தேடியிருக்கிறாய். மற்ற எல்லாவற்றையும் இடது பக்கம் விட்டிருக்கிறாய். பயமில்லாத ஒருவனால்தான் அப்படி உட்கார முடியும். உனக்குப் பயம் எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை. என்னுடையது இன்று மதியம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது போனது. முழுவதும் இல்லை, பெரும்பகுதி.

இருந்தாலும் சிலதைச் சொல்லாமல் விடமாட்டேன். டி சீட்டுக்காரர் வந்து உட்கார்ந்ததுமே அவரிடம், இந்தப் பக்கம் கேட்காது, தோளைத் தொட்டால் திரும்புவேன் என்று சொல்லிவிடு. பணிப்பெண்ணிடமும் சொல், அவர்கள் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். கால் நீட்ட இடமிருக்கிறது என்று யாராவது அவசரக் கதவுப் பக்கத்து வரிசைக்கு வரச் சொன்னால் போகாதே. ஆபத்து நேரத்தில் அவர்கள் சொல்வதைக் கேட்டுக் கதவைத் திறக்க வேண்டியவர்கள் உட்காரும் இடம் அது. யாராவது சீட்டு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டால், இரக்கப்பட்டு உடனே எழுந்துவிடாதே. முடியாது என்றால் முடியாது என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். மாறித்தான் ஆக வேண்டுமென்றால் பணிப்பெண்ணிடம் சொல்லிவிட்டு மாறு. பிரியாணி நினைவிருக்கட்டும். இறங்கும்போது உன் நல்ல காது அடைக்கும், மிட்டாய் சப்பு, கொட்டாவி விடு. பவித்ராவுக்கும் சொல்லிக்கொடு. போகிற ஊரில் வாடகை வீடு, அலுவலகம், கூட்டம் என்று இன்னும் எத்தனையோ சீட்டு வரும். எங்கே உட்காருவது என்று இனி நான் படம் பார்க்கப் போவதில்லை.

பொத்தானைத் தொடவில்லை. அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன்.

நாளைக்குத் திருச்சி ஏர்போர்ட் வாசலில் பவித்ரா உன் வலது பக்கம் நிற்பாள், தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு. வழக்கமாக நான் நிற்கிற இடம் அது. நான் சுற்றிவந்து உன் இடது பக்கம் நிற்கிறேன். உள்ளே போகும்போது ஏதாவது சொல்வேன், சொல்லாமல் இருக்கமாட்டேன் என்று உனக்குத் தெரியும். உனக்குக் கேட்காது. அவள் கேட்டுச் சொல்வாள்.

அம்மா